தோட்டப் பாதையில் ஆர்.சி. ட்ரக்: பிரஷ்லெஸ் மோட்டாரும் பினியனும் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

ஆர்.சி. ட்ரக்கோடு (ரேடியோ ரிமோட்டில் ஓடும் சிறு வண்டி) பெட்டியில் வந்த பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு, உள்ளே உரசும் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் போட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். ஒரு பினியன் (மோட்டார் முனையில் மாட்டும் சின்னக் கியர்) வேண்டுமென்றாலும் ஈப்போ வரை போக வேண்டும், இல்லையென்றால் ஷோப்பி, லசாடா என்ற இணையக் கடைகளில் தேட வேண்டும். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாததால் காணொளிகளைப் பார்த்துத்தான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அந்தக் காணொளிகளில் பாதி, குளிர் நாட்டில், சமமான டிராக்கில் எடுத்தவை. அவர்கள் சொல்லும் கியரை அப்படியே எடுத்து, 33 டிகிரி வெயிலில் செம்மண்ணிலும் திடல் புல்லிலும் ஓட்டினால் மோட்டார் வெந்துவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எது பொருந்தும் என்று பிறகு தேடுகிறார்கள். இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். மோட்டார் நான்காவது படியில்தான் வரும். அதுவரை கார்ட்டில் எதையும் போடாதீர்கள்.

1. முதலில் வண்டியை அளந்து எழுதுங்கள்

ஒரு தாளில் கீழே உள்ளவற்றைக் குறித்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போதும், விற்பவரிடம் சாட்டில் கேட்கும்போதும் இந்தத் தாள்தான் உங்கள் ஆவணம்.

பேட்டரியோடு வண்டியின் எடை. சமையலறைத் தராசு போதும். 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) இருசக்கர இயக்க ட்ரக் என்றால் ஏறக்குறைய 2 கிலோ இருக்கும், நான்கு சக்கர இயக்கம் என்றால் இரண்டரையிலிருந்து 3 கிலோ. 1/8 வண்டிகள் 4, 5 கிலோவுக்குப் போகும்.

டயரின் விட்டம், மில்லிமீட்டரில்.

ஸ்பர் கியரின் பல் எண்ணிக்கை. இது மோட்டாரின் சின்னப் பினியன் சுழற்றும் பெரிய கியர். பல் எண்ணிக்கை பெரும்பாலும் கியரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும்.

பல்லின் அளவு, அதாவது பிட்ச். 48 பிட்ச், 32 பிட்ச், 0.6 மோட், 0.8 மோட், 1 மோட் என்று பலவகை உண்டு. 32 பிட்சும் 0.8 மோடும் மிக நெருக்கமானவை என்பதால் பலர் கலந்து ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. 48 பிட்சும் 0.6 மோடும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் சேராது. இரண்டு பேட்டரி ஓட்டுவதற்குள் ஸ்பர் பல்லைத் தின்றுவிடும்.

மோட்டார் உட்காரும் இடத்தின் நீளம். பழைய மோட்டாரைக் கழற்றி, பின்பக்கம் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. மோட்டார் உட்காரும் இடத்தில் 60 மி.மீ. உட்காரும் என்று நம்ப வேண்டாம். பக்கத்திலேயே டிரைவ் ஷாஃப்டோ பேட்டரித் தட்டோ இருக்கும்.

கடைசியாக உள் கியர் விகிதம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்பருக்குப் பிறகு கியர்பாக்ஸுக்குள்ளும் டிஃபரன்ஷியலிலும் (இரு பக்கச் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) இன்னும் ஒரு குறைப்பு நடக்கிறது. வண்டியின் கையேட்டில் இருக்கும். டிராக்ஸஸ் ஸ்லாஷ் இருசக்கர இயக்க வண்டிக்கு 2.72, ஸ்லாஷ் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு 2.85. கையேடு தொலைந்துவிட்டால் நீங்களே எண்ணலாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஸ்பரில் ஒரு புள்ளி, டயரில் ஒரு புள்ளி வையுங்கள். வண்டியைத் தரையில் நேராகத் தள்ளுங்கள். டயர் பத்துச் சுற்று சுற்றுவதற்குள் ஸ்பர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, பத்தால் வகுத்துவிடுங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு சக்கரத்தை மட்டும் கையால் சுற்றி எண்ணாதீர்கள். எதிர்ச் சக்கரம் நின்றிருந்தால் டிஃபரன்ஷியலின் வேலையால் பாதி எண்தான் கிடைக்கும். பிறகு வரும் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

2. எங்கே ஓட்டுவீர்கள்?

வீட்டுக்குப் பின்னால் உள்ள தார்ச்சாலையில் ஓட்டினால் மோட்டாருக்குச் சுமை குறைவு. செம்மண் பாதை நடுத்தரம். பள்ளித் திடல் புல்தான் கொடுமை. வெட்டாத புல்லில் ஒரு நிமிடம் ஓட்டுவது தார்ச்சாலையில் பல நிமிடம் ஓட்டுவதைவிட அதிகச் சூட்டைத் தரும். செம்பனை வரிசைக்குள் ஓட்டுபவர்களுக்கு வேறு தொல்லை: உதிரிப் பழம், காய்ந்த மட்டையின் முள், மழைக்குப் பிறகு லோரி டயர் விட்ட பள்ளத்தில் நிற்கும் தண்ணீர்.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி எங்கே போகும் என்பதைத் தாளில் எழுதுங்கள். "எல்லா இடத்திலும்" என்று எழுதினால் அதைப் புல் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். தோட்டத்துக்குள் போகிறவர்கள் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். அறுவடை நடக்கும் வரிசைப் பக்கம் போகவே வேண்டாம்.

3. பேட்டரி: 2எஸ் போதுமா?

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். 2எஸ் என்றால் இரண்டு செல், 7.4 வோல்ட்; 3எஸ் என்றால் மூன்று செல், 11.1. முழுக்கச் சார்ஜ் ஏற்றியதும் ஒரு செல் 4.2 வரை போகும், அதனால் 3எஸ் 12.6 வோல்ட்டில் தொடங்கும்.

முதல் முறை பிரஷ்லெஸ் போடுபவர்களுக்கு என் யோசனை: 3எஸ் தாங்கும் மோட்டாரையும் இ.எஸ்.சி.யையும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வாங்குங்கள், ஆனால் 2எஸ் பேட்டரியில் தொடங்குங்கள். வண்டியின் பிளாஸ்டிக் கியர், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் பழைய பிரஷ் மோட்டாரின் இழுப்புக்குச் செய்தவை. 3எஸ் இழுப்பில் எது முதலில் முறியும் என்பதை மெதுவாகத் தெரிந்துகொள்வதுதான் மலிவு.

பேட்டரி மீது 100சி, 120சி என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். சி என்பது கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்பது. கணக்குப்படி 5000 எம்.ஏ.எச். (5 ஆம்பியர்-மணி), 50சி என்றால் 250 ஆம்பியர் தர வேண்டும். விலை மலிவான பேட்டரிகள் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. எடையைப் பாருங்கள். ஒரே கொள்ளளவு என்று சொல்லும் இரண்டில், கையில் எடுத்தால் மிக இலேசாக இருப்பதைச் சந்தேகப்படலாம்.

லைப்போவுக்கு, எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் தனி பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம் வேண்டும். பழைய நிக்கல் பேட்டரியின் சுவர் சார்ஜரை இதில் மாட்டினால் தீப்பிடிக்கலாம். 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம். ஓட்டாத வாரங்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள், சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு முறை இருக்கும். நம் வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை ஓட்டவே கூடாது.

4. மோட்டார்: உடல் அளவு முதலில், கே.வி. பிறகு

மோட்டார் பெயரில் வரும் நான்கு இலக்கம் பெரும்பாலும் அதன் உடல் அளவுதான். 3650 என்றால் விட்டம் 36 மி.மீ., நீளம் 50 மி.மீ. 3660 பத்து மி.மீ. நீளம் கூடியது. 4074 என்றால் விட்டம் 40, நீளம் 74. உடல் பெரிதானால் சூட்டைத் தாங்கும் திறனும் இழுக்கும் திறனும் கூடும்.

கே.வி. என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 3200 கே.வி. மோட்டாரை 7.4 வோல்ட்டில் ஓட்டினால் 23,680 சுற்று. இதை வைத்துத்தான் விற்பவர்கள் ஏமாற்றாமலே ஏமாற்றுகிறார்கள். ஒரே உடல் அளவில் 3200, 4000, 5400 என்று மூன்று இருந்தால், 5400தான் பலசாலி என்று வாங்குபவர் நினைத்துவிடுகிறார். பலத்துக்கும் கே.வி.க்கும் நேர் தொடர்பு கிடையாது. கே.வி. கூடினால் சுற்று கூடும், ஆனால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு விசை அதே விகிதத்தில் குறையும். கனமான வண்டியைப் புல்லில் நகர்த்த 5400 கே.வி. மோட்டார் மிக அதிக ஆம்பியரை உறிஞ்சும், மோட்டார், இ.எஸ்.சி., பேட்டரி மூன்றும் சேர்ந்து சூடாகும். அந்த மோட்டார்கள் இலேசான ரோடு கார்களுக்கு. ட்ரக்குக்கு வேண்டாம்.

எந்த வண்டிக்கு எது என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன்.

2 கிலோ பக்கம் உள்ள இருசக்கர இயக்க 1/10 ட்ரக்: 3650 அல்லது 3652, கே.வி. 3000 முதல் 4000க்குள். புல் அதிகம் என்றால் 3000 பக்கம் சாயுங்கள்.

இரண்டரை, 3 கிலோ நான்கு சக்கர இயக்க 1/10 ட்ரக்: இடம் இருந்தால் 3660 அல்லது அதைவிட நீளமானது, கே.வி. 3200க்குள். அதே வண்டிக்கு 3650 போட்டவர்கள் தார்ச்சாலையில் தப்பிப்பார்கள், திடலில் தப்ப மாட்டார்கள்.

4, 5 கிலோ 1/8 ட்ரக்: 4068 முதல் 4074 வரை, கே.வி. 2000 பக்கம், பேட்டரி 4எஸ் முதல் 6எஸ். இது செலவில் வேறு உலகம், தொடக்கத்தில் போக வேண்டாம்.

தேர்ந்தெடுத்ததும் ஒரு சரிபார்ப்பு: கே.வி.யைப் பேட்டரி வோல்ட்டால் பெருக்குங்கள். 40,000 சுற்றுக்குள் இருந்தால் நிம்மதி, 50,000ஐத் தாண்டினால் வேறு மோட்டார் பாருங்கள். 3200 கே.வி., 3எஸ் என்றால் 35,520. சரி. 5400 கே.வி.யை 3எஸ்ஸில் போட்டால் 59,940. வாங்காதீர்கள்.

சென்சார் உள்ளதா, இல்லாததா என்ற கேள்வி எப்போதும் வரும். சென்சார் உள்ள மோட்டார் நின்ற இடத்திலிருந்து மெல்ல நகரும்போது திக்காது. பாறை ஏறும் கிராலர் வண்டிக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். ஓட்ட வண்டிக்கு அவசியம் இல்லை. சேறும் தண்ணீரும் உள்ள நம் பாதையில் சென்சார் கேபிளும் அதன் சிறிய பிளக்கும் கூடுதல் தலைவலிதான். சென்சார் இல்லாததை வாங்கி மிச்சக் காசில் ஒரு ஸ்பேர் ஸ்பர் வாங்குங்கள்.

5. இ.எஸ்.சி.

பழைய இ.எஸ்.சி.யையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பிரஷ் மோட்டாருக்கு இரண்டு வயர், பிரஷ்லெஸ்ஸுக்கு மூன்று. இரண்டும் வேறு வேறு மின்சுற்று.

மோட்டாரும் இ.எஸ்.சி.யும் சேர்ந்த கோம்போவாக வாங்குவதே புதியவர்களுக்கு நல்லது. பிளக் அளவு பொருந்தும், பிரச்சினை வந்தால் "அது மோட்டார் கோளாறு", "இது இ.எஸ்.சி. கோளாறு" என்று இரண்டு விற்பனையாளர்கள் உங்களைப் பந்தாட முடியாது. 3650 அளவுக்கு 60 ஆம்பியர், 3660க்கு மேல் போனால் 100 அல்லது 120 ஆம்பியர். ஹாபிவிங் மேக்ஸ்10 60 ஆம்பியர், 2எஸ், 3எஸ் இரண்டும் தாங்கும். அதன் எஸ்.சி.டி. வகை 120 ஆம்பியர், 4எஸ் வரை. மற்ற தயாரிப்புகளிலும் இதே எண்களைத் தேடுங்கள்.

நீர்புகாதது என்று பெட்டியில் போட்டிருப்பது இ.எஸ்.சி.யின் மின்சுற்றுக்கு மட்டும். அதன் மேல் உள்ள சிறு விசிறிக்கும், மோட்டாரின் பேரிங்குக்கும் அந்த வாக்குறுதி இல்லை. தண்ணீரில் ஓட்டினால் அன்றைக்கே உலர்த்தி, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

6. கியர் கணக்கு

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பர் பல்லைப் பினியன் பல்லால் வகுத்து, உள் கியர் விகிதத்தால் பெருக்கினால் வருவது இறுதி விகிதம். டயர் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. எண் பெரிதானால் வேகம் குறைவு, மோட்டாருக்குச் சுமையும் குறைவு. எண் சின்னதானால் இரண்டும் கூடும்.

ஸ்பர் 54, பினியன் 15, உள் விகிதம் 2.85 என்று வைப்போம். 54ஐ 15ஆல் வகுத்தால் 3.6. அதை 2.85ஆல் பெருக்கினால் 10.26.

இனி வேகம். 3200 கே.வி. மோட்டார், 2எஸ்ஸில் 23,680 சுற்று. 10.26ஆல் வகுத்தால் டயர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,308 சுற்று. 110 மி.மீ. டயரின் சுற்றளவு 0.3456 மீட்டர். பெருக்கி, மணிக்கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 48 கி.மீ. இதே கியரில் 3எஸ் போட்டால் 72 கி.மீ.

பினியனை 13 ஆக்கினால் இறுதி விகிதம் 11.84. வேகம் 2எஸ்ஸில் 41, 3எஸ்ஸில் 62. பினியன் 11 என்றால் விகிதம் 14 பக்கம், வேகம் 35, 53. இவையெல்லாம் காகிதக் கணக்கு. காற்றும் உராய்வும் கழிந்து, நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் ஓடும்.

இந்தக் கணக்கை உங்கள் வண்டிக்குப் போட்டு, கையேடு சொல்லும் பினியனைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இரண்டு பல் குறைத்துத் தொடங்குங்கள். நம் வெயிலுக்காக ஒரு பல், புல்லுக்காக ஒரு பல். பதினைந்து சொன்னால் பதின்மூன்று. 3எஸ்ஸுக்கு மாறும் நாளில் இன்னும் ஒன்று குறையுங்கள்.

சின்னப் பினியனில் ஒரு பல்லுக்கு மதிப்பு அதிகம் என்பதை மறக்க வேண்டாம். 11இலிருந்து 12க்குப் போனால் 9 விழுக்காடு மாற்றம், 20இலிருந்து 21க்குப் போனால் 5 விழுக்காடுதான். ஸ்பர் சின்னதாக உள்ள வண்டிக்காரர்கள் ஒவ்வொரு பல்லாகத்தான் நகர வேண்டும்.

டயர் மாற்றினாலும் கியர் மாறியதாகத்தான் அர்த்தம். 110 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு அழகுக்காக 125 மி.மீ. டயர் போட்டால், மோட்டார் பார்வையில் 13 பல் பினியன் ஏறக்குறைய 15 பல் ஆகிவிட்டது. "கியரையே தொடவில்லை, எப்படிச் சூடாகிறது" என்று புலம்புபவர்களின் வண்டியில் முதலில் டயரைப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பயந்துபோய் 9, 10 என்று மிகச் சின்னப் பினியனைப் போட்டால், வேகம் போதாமல் எப்போதும் முழு த்ராட்டிலில் ஓட்டத் தோன்றும். மோட்டார் நாள் முழுக்க உச்சச் சுற்றில் அலறும், அதிலும் சூடு ஏறும். சின்னப் பினியனில் பல்லும் சீக்கிரம் தேயும்.

பினியன் வாங்கும்போது மூன்று எண் பாருங்கள்: பல், பிட்ச், துளை. 36 மி.மீ. விட்டமுள்ள மோட்டார்களில் ஷாஃப்ட் பெரும்பாலும் 3.175 மி.மீ., நீளமான சிலவற்றிலும் 1/8 அளவு மோட்டார்களிலும் 5 மி.மீ. விற்பனைப் பக்கத்தின் படத்தில் ஒரு துளை, விவரத்தில் ஒரு துளை இருக்கும் கடைகள் உண்டு. எனக்கு ஒரு கடை 5 மி.மீ. பினியன் அனுப்பி, மாற்றித்தர வாரக்கணக்கில் இழுத்தது. ஆர்டர் போடும் முன் சாட்டில் "துளை எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எஃகுப் பினியனாக வாங்குங்கள். அலுமினியம் நம் செம்மண் தூளில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நீங்கள் கணக்குப் போட்ட பினியனோடு, ஒரு பல் கூடியதும் ஒரு பல் குறைந்ததும் சேர்த்து மூன்றாக வாங்குங்கள். தபால் செலவு ஒன்றுதான்.

7. செலவு, ஆவணம், காத்திருக்கும் காலம்

விலை கடைக்குக் கடை மாறும். இவை தோராயம்தான்: பெயர் தெரிந்த 3650 அளவு கோம்போ 300 முதல் 450 வெள்ளி (ரிங்கிட்), பெயர் தெரியாதவை அதில் பாதி. 3660, 120 ஆம்பியர் கோம்போ 500 வெள்ளி பக்கம். 2எஸ் 5000 லைப்போ 100 முதல் 180 வெள்ளி. சார்ஜர் 100க்கு மேல். பினியன் ஒன்று 15 முதல் 40 வெள்ளி. வெப்பம் அளக்கும் துப்பாக்கி 30 முதல் 60 வெள்ளி. ஆக, கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குபவர் 600 முதல் 800 வெள்ளி ஒதுக்க வேண்டும். கோம்போ விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் சார்ஜருக்குக் காசு இருக்காது.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடும். 500ஐத் தாண்டினால் சுங்கத்துறை வழியாக வேறு கணக்கு, வேறு தாமதம். உள்நாட்டில் கையிருப்பு வைத்திருப்பவர் 30, 40 வெள்ளி கூடச் சொன்னாலும் அவரிடமே வாங்குங்கள்.

மோட்டாரிலும் சாதாரண இ.எஸ்.சி.யிலும் ரேடியோ இல்லை. ட்ரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்) அப்படியல்ல. அது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிக்குள் வரும், சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) சான்று கேட்கப்படும். அதை வெளிநாட்டிலிருந்து தருவிக்காமல் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

லைப்போ பேட்டரியை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் வெளிநாட்டிலிருந்து வருவதற்கு வாரங்கள் ஆகும். பேட்டரியை உள்நாட்டில் வாங்கினால் சில நாளில் வந்துவிடும். சீனப் புத்தாண்டுச் சமயத்தில் சீனாவிலிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள், தொழிற்சாலைகளும் கிடங்குகளும் மூடிவிடும். தீபாவளி விடுமுறையில் ஓட்ட வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே ஆர்டர் போடுங்கள்.

பார்சல் வந்ததும் செய்ய வேண்டியவை:

ஒட்டியிருக்கும் முகவரித் தாள் தெரிய, வெட்டுவதிலிருந்து பொருள் வெளியே வரும் வரை ஒரே காணொளியாக எடுங்கள்.

மோட்டார் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். காந்தத்தின் விட்டுவிட்ட இழுப்பு இருக்கும், அது சரி. கரகரவென்று உராய்ந்தால் அதையும் காணொளி எடுங்கள்.

வண்டியில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வரை, தளத்தில் "பொருள் கிடைத்தது" பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தியதும் பணம் விற்பவருக்குப் போய்விடும். அவகாசம் முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசீதை அச்சிட்டு வையுங்கள். உத்தரவாதம் கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். உள்நாட்டு விற்பவர் கையை விரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, மனுக் கட்டணம் 5 வெள்ளி. ரசீதும் ஸ்கிரீன்ஷாட்டும் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

8. பொருத்துவது

மோட்டாரை மாட்டும் ஸ்க்ரூவில்தான் ஆபத்து. பழைய மோட்டாரின் ஸ்க்ரூ, புதியதற்கு நீளமாக இருக்கலாம். அது உள்ளே போய்க் காப்பர் சுருளைக் குத்தினால் புது மோட்டார் ஓடாமலே செத்துவிடும், உத்தரவாதமும் கிடைக்காது. மோட்டாருடன் வந்த ஸ்க்ரூவையே போடுங்கள். இல்லையென்றால், கையால் மெல்லத் திருகி எங்கே தட்டுகிறது என்று பார்த்து, அதைவிடக் குட்டையானதைத் தேடுங்கள்.

பினியனின் சிறு ஸ்க்ரூ, ஷாஃப்டில் தட்டையாகச் சீவியிருக்கும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட்லாக் பசை ஒரு சொட்டு விடுங்கள். பிளாஸ்டிக் மேல் அது பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். மலிவான எல்-சாவி ஸ்க்ரூவின் தலையை வட்டமாக்கிவிடும், நல்ல 1.5, 2, 2.5 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர் வாங்குங்கள்.

பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகத் தாள் துண்டை விட்டு, இரண்டையும் நெருக்கி மோட்டாரை இறுக்குங்கள். பிறகு தாளைச் சுற்றி வெளியே எடுங்கள். தாள் கிழியாமல், பல் பதிந்த மடிப்போடு வந்தால் சரியான இடைவெளி. ஸ்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நான்கைந்து இடத்தில் லேசாக ஆட்டிப் பாருங்கள், எல்லா இடத்திலும் துளி ஆட்டம் இருக்க வேண்டும். கியர் மூடியை மறக்காமல் போடுங்கள். உதிரிப் பழக் கொட்டையோ சிறு கல்லோ உள்ளே போனால் ஸ்பர் அதோடு போயிற்று.

சென்சார் இல்லாத மோட்டார் பின்னோக்கிச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். சென்சார் உள்ளதில் இப்படி மாற்றக் கூடாது, ஏ, பி, சி என்ற குறிப்புப்படிதான் மாட்ட வேண்டும்.

அப்புறம், நடுநிலை, முழு த்ராட்டில், முழு பிரேக் என்று இ.எஸ்.சி.க்கு ட்ரான்ஸ்மிட்டரைப் பழக்குங்கள். பேட்டரி வகையை லைப்போ என்று வைத்து, ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே போகாதபடி கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்ச் அமைப்பை (புறப்படும்போது இழுப்பு எவ்வளவு வேகமாக ஏறும் என்பது) பாதிக்குக் குறைத்துத் தொடங்குங்கள். சக்கரம் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து முழு த்ராட்டில் கொடுக்க வேண்டாம். டயர் பலூன்போல் விரிந்து ரிம்மிலிருந்து பிய்யும்.

9. முதல் ஓட்டம்

மாலை ஐந்து மணிக்குமேல், வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். அந்த நேரத்தில் சூடானால் மதியத்தில் என்ன ஆகும் என்று தெரிந்துவிடும்.

இரண்டு நிமிடம் சாதாரணமாக ஓட்டி நிறுத்தி, மோட்டாரை அளங்கள். பிறகு ஐந்தாவது நிமிடத்தில், பிறகு பத்தாவதில். வெப்பத் துப்பாக்கி பளபளக்கும் உலோகத்தில் குறைவாகக் காட்டும். மோட்டார் உடலில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் உண்மை தெரியும். துப்பாக்கி இல்லாதவர்கள் விரலை வைத்துப் பாருங்கள், மூன்று விநாடி தாங்க முடியாவிட்டால் ஏறக்குறைய 60 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கலாம்.

70 டிகிரிக்குள் நின்றால் கியர் சரி. 70க்கும் 80க்கும் நடுவில் என்றால் அந்த இடத்துக்கு அதுதான் எல்லை, பினியனைக் கூட்ட வேண்டாம். 80ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். வெளியே 80 என்றால் உள்ளே அதைவிட அதிகம். மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரின் காந்தம் சூட்டில் பலம் இழந்தால் திரும்பி வராது, மோட்டார் அதற்குப் பிறகு எப்போதும் முன்பைவிடச் சூடாகவே ஓடும். ஆறவிட்டு, பினியனில் ஒரு பல் குறைத்து மறுபடி அளங்கள்.

மோட்டார் சூடாக இல்லை, இ.எஸ்.சி. மட்டும் கொதிக்கிறது என்றால் விசிறியைப் பாருங்கள், புல்லோ மண்ணோ சிக்கியிருக்கும். பேட்டரி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானால், அது தர முடிந்ததைவிட அதிகம் கேட்கிறீர்கள். பேட்டரியை மாற்றும் வரை கியரைக் குறைத்தே ஓட்டுங்கள்.

வண்டி புறப்படும்போது திக்கித் திக்கி நின்றால், முதலில் மூன்று வயரின் பிளக்கும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தும் திக்கினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் கியர் பெரிதாக இருக்கலாம்.

மூன்று, நான்கு பேட்டரி ஓட்டி அளந்து, 60 டிகிரியைத் தாண்டவே இல்லை என்று உறுதியான பிறகு ஒரு பல் கூட்டலாம். கூட்டும் ஒவ்வொரு முறையும் தாள் வைத்து இடைவெளியை மறுபடி சரிசெய்யுங்கள், முதல் படியில் எழுதிய தாளில் தேதி, பினியன், இடம், வெப்பம் நான்கையும் குறியுங்கள். அடுத்து முறியப்போவது பெரும்பாலும் பின்பக்க டிரைவ் ஷாஃப்ட். ஒரு ஜோடியை அடுத்த ஆர்டரிலேயே சேர்த்துப் போட்டு வையுங்கள்.